பொருள் சொல்லாத அகராதி

அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. எழுத்துப்பிழை பெரிய தொல்லை இல்லை, கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். கோடு எதுவும் விழாமல், படிக்கும்போது மட்டும் உறுத்துகிற வாக்கியங்கள்தான் நேரத்தைத் தின்னும். 'வெரி இன்ஃப்ளூயன்ஸ்ட் பை' என்று எழுதியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல சொற்கள்தான், சேர்த்தால்தான் இடிக்கிறது. 'ஹெவிலி இன்ஃப்ளூயன்ஸ்ட் பை' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த மாதிரி இடங்களுக்காக நான் மேசையிலேயே வைத்திருப்பது ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி. முதல் பதிப்பு 2002இல் வந்தது. நான் பயன்படுத்துவது 2009இல் வந்த இரண்டாம் பதிப்பு. கொலொகேஷன் என்றால் வழக்கமாகச் சேர்ந்தே வரும் சொற்கள். பெயர் அகராதி என்றாலும் இது பொருள் சொல்லாது. ஒரு பெயர்ச்சொல்லையோ வினைச்சொல்லையோ பெயரடையையோ எடுத்தால், அதோடு வழக்கமாகச் சேரும் சொற்கள் எவை, பின்னால் 'இன்', 'வித்' போன்ற ப்ரெபொசிஷன்களில் எது வரும் என்று அடுக்கித் தரும். பொருளில் நெருங்கிய சொற்களைச் சேர்த்து வைத்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு செங்குத்துக் கோடு.

'டிஸப்பாயிண்டட்' என்ற சொல்லைப் பாருங்கள். 'பிட்டர்லி', 'டீப்லி' ஒரு கூட்டம், 'ஸ்லைட்லி' வேறு கூட்டம். ப்ரெபொசிஷன் பகுதியில் 'அட்', 'பை', 'இன்', 'வித்' எல்லாமே உண்டு. ஒரு ஆள் நம் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார் என்றால் 'இன்' வரும், தேர்வு முடிவு பிடிக்கவில்லை என்றால் 'வித்'. சாதாரண அகராதியில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகளைத் துழாவ வேண்டியிருக்கும், இங்கே ஒரே பார்வையில் முடிந்துவிடுகிறது.

பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது 'டேமேஜ்ட்' போல வினையிலிருந்து வரும் வடிவம், எங்கே இருக்கும் என்று தெரியாதவர்கள் முதலில் தடுமாறுவார்கள். 'இன்ட்ரஸ்டட்', 'டிஸப்பாயிண்டட்' போல முழுப் பெயரடையாகவே மாறிவிட்டவை தனித் தலைச்சொல்லாக நிற்கும். 'இன்ஃப்ளூயன்ஸ்ட்' வேண்டுமென்றால் 'இன்ஃப்ளூயன்ஸ்' என்ற வினைக்குள் போக வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதிலேயே ஒரு பயனும் இருக்கிறது. பெயரடையாகிவிட்டவற்றோடு 'வெரி' ஒட்டும்: 'வெரி இன்ட்ரஸ்டட் இன்'. இன்னும் வினையாகவே இருப்பவற்றோடு ஒட்டாது, 'பேட்லி டேமேஜ்ட் பை', 'சீரியஸ்லி இன்ஜர்ட் இன்' என்று அதற்குரிய அட்வெர்ப்பை (வினையடையை) தேட வேண்டும். சொல் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே பல நேரம் பாதி விடை கிடைத்துவிடும். எப்போதும் இல்லை.

என் உண்மையான குறை வேறு. அட்வெர்ப் பட்டியல் தனி, ப்ரெபொசிஷன் பட்டியல் தனி. எதை எதோடு கோர்ப்பது என்பது பெரும்பாலும் நம் பாடு. 'நோன்' (known) என்ற சொல்லுக்குப் பின்னால் காரணம் சொல்ல 'ஃபார்', இன்னொரு பெயரைச் சொல்ல 'ஆஸ்', யாருக்குத் தெரியும் என்பதற்கு 'டு'. 'பெஸ்ட் நோன் ஃபார்', 'வைட்லி நோன் ஆஸ்' என்று முழுக் கோவையாக அடிக்கடி வருபவற்றையாவது சேர்த்தே அச்சிட்டிருக்கலாம். அதே மாதிரி 'டீப்லி கமிட்டட் டு' என்பதில் வரும் 'டு' ப்ரெபொசிஷன், அதனால் அடுத்து 'இம்ப்ரூவிங்' வர வேண்டும், 'இம்ப்ரூவ்' அல்ல. நான் அதிகம் திருத்துகிற இடங்களில் இதுவும் ஒன்று. அகராதி அந்த 'டு'வை உரிய பகுதியில் வைத்துவிடும், ஏன் என்று விளக்க உட்காராது. அதற்கு இலக்கண நூல்தான் வேண்டும். 'வெல் நோன்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறுகோடு, 'வைட்லி நோன்' என்றால் கோடு வேண்டாம் என்பதெல்லாமும் அங்கேதான்.

இரண்டாம் பதிப்போடு ஒரு சிடியும் வந்தது. இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அதைப் போட இடமே இல்லை என்பதால் அதை மதிப்பிட்டுப் பயனில்லை.

யார் வாங்கலாம்? ஓரளவு ஆங்கிலம் எழுத வந்துவிட்டது, ஆனால் வாக்கியம் இயல்பாக இல்லையே என்று தோன்றுகிறவர்கள். இப்போதுதான் கற்கத் தொடங்கியவர்களுக்கு இது வெறும் சொற்குவியலாகத் தெரியும், வேண்டாம். அப்புறம், பழைய முதல் பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லோடு எந்த அட்வெர்ப், எந்த ப்ரெபொசிஷன் என்பது ஏழு வருடத்தில் பெரிதாக மாறிவிடவில்லை.