மணலில் ஓட்டுவோருக்கான காற்றுக் கருவிகள்: எதில் செலவிடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

ஜெய்சல்மேரை அடுத்த சம் மணல்மேடுகளுக்குத் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளை ஓட்டிச் செல்பவர்கள், தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, 30 பிஎஸ்ஐ (டயர் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அலகு) அளவில் இருக்கும் டயர் காற்றை 15 முதல் 18 வரை இறக்கிவிட்டே மணலில் கால் வைக்கிறார்கள். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் தாழ்ந்து தரையில் அதிக இடத்தைப் பிடிப்பதால், எடை பரவி, சக்கரம் புதைவது குறைகிறது. திரும்பும்போது அதே காற்றை ஏற்றியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். காற்றை இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் கருவிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. என் பார்வையில், இறக்கும் கருவிக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி வீண். மிச்சம் பிடித்து அதைக் காற்று ஏற்றும் கருவியான கம்ப்ரசரில் போடுவதே சரி.

இறக்கும் கருவிகளில் மூன்று வகைகள் உண்டு. நாம் முன்கூட்டியே திருகி வைத்த அளவு வந்ததும் தானாக நின்றுகொள்ளும் பித்தளை மூடிகள் முதல் வகை. நான்கையும் நான்கு வால்வுகளில் மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்பது இவற்றின் கவர்ச்சி. ஆனால் விலை மலிந்த மூடிகளில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதால், எப்படியும் ஒவ்வொரு டயரையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது வகை, வால்வு பின்னையே (வால்வுக்குள் காற்றைத் தடுத்து வைக்கும் சிறு பகுதி) கழற்றித் தன்னுள் பிடித்துக்கொண்டு காற்றை வெளியேற்றுவது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனக் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. அதே அமைப்பில் மலிவான கருவிகளும் நிறைய வந்துவிட்டன. பின் கழன்றுவிடுவதால் ஒரு டயருக்கு ஒரு நிமிடத்தை ஒட்டியே ஆகும், பின்னும் மணலில் விழுந்து தொலையாது. காற்று பாயும்போது இதன் கேஜ் (அழுத்தமானி) காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கருவியின் வளையத்தை நகர்த்திப் பாய்ச்சலை நிறுத்திய பிறகு காட்டுவதே சரியான அளவு. மூன்றாவது வகை, வால்வு பின்னை அழுத்திப் பிடிக்கும் எந்தச் சிறு ஆணியும். வண்டிச் சாவியின் முனைகூடப் போதும். நேரம் பிடிக்கும், விரல் வலிக்கும், ஆனால் செலவு கிடையாது. எப்போதாவது மணலுக்குப் போகிறவருக்கு இதுவே போதும் என்பேன்.

இதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தனியான, நல்ல பிரஷர் கேஜுக்கு ஒதுக்க வேண்டும். 15 பிஎஸ்ஐ அருகே இரண்டு மூன்று எண் தவறினாலும் விளைவு தெரியும். 12க்குக் கீழே இறங்கிய டயர், கூர்மையான திருப்பத்தில் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும். 100 அல்லது 150 வரை அளக்கும் கேஜ்களைவிட 60 வரை மட்டும் அளப்பவற்றில் சிறு அளவுகளைத் தெளிவாகப் படிக்கலாம். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பதால், சூட்டோடு 18 வைத்தால் ஆறிய பின் 15 அல்லது 16 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி கம்ப்ரசர். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் 150 பிஎஸ்ஐ என்ற எண்ணால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. நாம் கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்பது. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயருக்குள் ஏறத்தாழ 40 லிட்டரும், தாரின் 255/65 ஆர்18 டயருக்குள் 65 முதல் 70 லிட்டரும் இடம் உண்டு. 15லிருந்து 30க்கு ஏற்றுவது என்றால், கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு ஏறக்குறைய சமமான அளவு கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு டயருக்கும் அதன் கொள்ளளவு முழுவதற்கும் வெளிக்காற்று வேண்டும். தாரின் நான்கு டயருக்கும் சேர்த்து ஏறத்தாழ 270 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் கைக்கு அடக்கமான கருவி இதற்குக் குறைந்தது 18 நிமிடம் ஓட வேண்டும். அட்டையில் அச்சிட்ட அளவு, டயருக்குள் இருக்கும் காற்றின் எதிரழுத்தம் இல்லாதபோது தருவது என்பதால், உண்மையில் இன்னும் அதிகம் ஆகும். இத்தகைய கருவிகள் பலவற்றின் கையேடு பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள் என்கிறது. நகரத்தில் ஒரு டயருக்கு நான்கு பிஎஸ்ஐ ஏற்ற இவை அருமையானவை. வெயிலில் நான்கு டயரையும் முழுதாக ஏற்றுவதற்கு இவற்றை நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் கம்ப்ரசர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. பல வண்டிகளில் அந்தச் சாக்கெட்டின் அருகே 120 வாட் என்றே பொறித்திருக்கும். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். அதற்கு மேல் இழுக்கும் மோட்டாரை மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே உருப்படியாகக் காற்று தரும் கம்ப்ரசர் எல்லாமே பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப்புகளோடு வருகிறது. அமெரிக்காவின் வயேர் 88பி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 20 ஆம்பியர் வரை இழுக்கும், நிமிடத்துக்கு 40 லிட்டருக்குச் சற்று மேல் தரும். இறக்குமதி விலை கட்டுப்படியாகாதவர்கள், உலோக உடலும் இரட்டை சிலிண்டரும் கொண்ட உள்ளூர்ச் சந்தைக் கருவிகளைப் பார்க்கலாம். வாங்குமுன் வயரும் குழாயும் சேர்ந்து பின் சக்கரம்வரை எட்டுமா என்று பார்ப்பது முக்கியம். தார், ஜிம்னி இரண்டுமே 3,985 மில்லிமீட்டர் நீளம் என்பதால் சேர்த்து ஏழு மீட்டர் இருந்தால் கவலையில்லை. குழாயின் முனை பிளாஸ்டிக் நெம்புகோலாக இல்லாமல் பித்தளைத் திருகாக இருப்பது நல்லது. கழற்றும்போது சிறிது காற்று வீணாகும், ஆனால் வெயிலில் இளகி உடையாது. கம்ப்ரசரை ஓட்டும்போது வண்டியின் என்ஜினை அணைக்கக் கூடாது.

லடாக் செல்ல நினைப்பவர்களுக்கு இன்னொன்று. கர்துங் லா போன்ற 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதே கம்ப்ரசர் அங்கே ஏறத்தாழ இருமடங்கு நேரம் எடுக்கும். கைக்கருவியின் பற்றாக்குறை அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும்.

என் கையில் பணம் குறைவாக இருந்தால், காற்றை இறக்கச் சாவி முனை, தனியாக ஒரு கேஜ், மீதி முழுவதும் கிளிப் வைத்த கம்ப்ரசர் என்றே பிரிப்பேன். கூடவே, பஞ்சர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நான்கைந்து வால்வு பின்களையும், அவற்றைத் திருகும் சிறு கருவியையும், கம்ப்ரசருக்கான மாற்று ஃபியூஸ் ஒன்றையும் அதன் பைக்குள்ளேயே போட்டு வைப்பேன்.