யாழ்ப்பாணம் கொக்குவில் சனிக்கிழமை விளையாட்டு வகுப்பு: ஐந்து மாதம் மகளை அனுப்பிய அனுபவம்

மகள் புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணி, தரம் 6க்குப் புதுப் பள்ளிக்கூடம் போனாள். முதல் தவணை முழுக்க இடைவேளையில் தனியே இருந்திருக்கிறாள், சாப்பாட்டுப் பெட்டி பாதியோடு திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். வகுப்பு ரீச்சரிடம் போனேன். கூச்சம்தான், போகப் போகச் சரியாகும் என்றார். சரியாகவில்லை.

தெரிந்த அக்கா ஒருவர் சொல்லித்தான், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பழக விளையாட்டின் வழியே சொல்லிக்கொடுக்கிற இந்த வகுப்பில் சேர்த்தேன். ஒரு வீட்டு வளவு, சனி பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம், எட்டுப் பிள்ளைகள், மாதம் 3000 ரூபாய்.

முதல் நாள் நானும் மாமரத்தடியில் இருந்து பார்த்தேன். கிளித்தட்டு, கோடுகளில் நின்று மற்றப் பக்கத்தாரை மறிக்கிற ஆட்டம். மகள் ஓரமாக நின்று "என்னையும் சேர்ப்பீங்களோ?" என்று கேட்டாள், "ஆள் போதும்" என்று பதில் வந்தது. நடத்துகிற ரீச்சர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார், எந்தக் கோட்டில் ஆள் இல்லையென்று கண்டுபிடி என்றார். அடுத்த முறை "அந்தக் கோட்டிலை ஆள் இல்லை, நான் மறிக்கட்டோ?" என்றாள். உடனே வா என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை மாதமும் "நீதான் போய்க் கதைக்க வேணும்" என்று நான் சொன்னதில் எப்படிக் கதைப்பது என்பதே இருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் இதே ஒழுங்குதான்: ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பது, விளையாடவிடுவது, முடிந்த பிறகு எது சரிவந்தது என்று பிள்ளையிடமே கேட்பது. அமெரிக்காவில் ஓடன், ஆஷர் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்து எடுத்த முறை என்று ரீச்சர் சொன்னார். அதில் தரம் 3, 4 பிள்ளைகளில் சிலருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், சிலரைச் சும்மா சேர்ந்து விளையாட மட்டும் விட்டார்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளைகளோடு விளையாடத்தான் வகுப்பில் மற்றவர்களுக்கு விருப்பம் கூடியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அது குறையவில்லையாம்.

மூன்றாம் மாதம் வகுப்புத் தோழி ஒருத்தியையும் கூட்டிவரச் சொன்னார்கள். எனக்கு இதுதான் மிகப் பிடித்தது, ஏனென்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான். இப்போது இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரேயொரு கூட்டாளிதான், ஆனால் காலையில் வயிற்றுவலி என்று படுப்பது நின்றுவிட்டது.

குறைகளும் உண்டு. மழை தொடங்கினால் ஒதுங்க ஒரு கொட்டகை இல்லை, இரண்டு சனி வகுப்பே நடக்கவில்லை, காசு மட்டும் அதே காசு. பின்னேர ரியூசனோடும் முட்டும், நாங்கள் கணித வகுப்பை ஞாயிறுக்கு மாற்றினோம். பள்ளிக்கூடத்தோடு அவர்கள் கதைப்பதில்லை என்பது பெரிய குறை. தோழிக்குப் பக்கத்தில் மகளை இருத்தச் சொல்லி வகுப்பு ரீச்சரை நான்தான் போய்க் கேட்டேன், அவரும் மறுக்காமல் இருத்தினார்.

அப்புறம் ஒன்று, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அடியோ தொடர் பகிடியோ நடக்கிறதென்றால் இந்த வகுப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம், முதலில் அதிபரிடம் போங்கள். கூட்டத்துக்குள் எப்படி நுழைவதென்று தெரியாமல் ஓரமாக நிற்கிற பிள்ளையென்றால் தயங்காமல் சேர்க்கலாம். முதல் நாள் கூட இருந்து பார்க்க விடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள்.