காப்பர் டி 380ஏ: ஏஆர்டி மாத்திரை சாப்பிடுற பொண்ணா ஆறு வருஷம் வச்சிருந்து பாத்த ரிவ்யூ

இது யாருக்குன்னு மொதல்லயே சொல்லிடுறேன். எச்ஐவி பாசிட்டிவ்வா இருந்து, தினமும் ஏஆர்டி மாத்திரை (எச்ஐவி கிருமிய அடக்கி வைக்கிற மருந்து) போட்டுக்கிட்டு, புருஷன் புள்ளைன்னு குடும்பம் நடத்துற பொண்ணுங்களுக்கு. காப்பர் டி (கரு தங்காம இருக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன கருவி) பத்தி நெட்ல எத்தனையோ பேர் எழுதிருக்காங்க, ஆனா நம்ம மாத்திரையோட அது ஒத்துப்போகுமா, இன்ஃபெக்‌ஷன் வருமா, வீட்டுக்காரருக்கு ஏதும் ஆகுமான்னு 2019ல நான் வைக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி உக்காந்து தேடினேன், தமிழ்ல ஒரு வரி கிடைக்கல. அதான் நானே எழுதுறேன்.

எனக்கு எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது 2012ல, மொத கர்ப்பத்துல, அஞ்சாம் மாச ரத்த டெஸ்ட்ல. பையன் பொறந்தான், மருந்து ஒழுங்கா எடுத்ததால நெகட்டிவ். ஆனா பிரசவ வார்டுல நடந்தத இன்னும் மறக்கல. வலில படுத்திருக்கேன், ஒரு சிஸ்டர் வந்து "ஆபரேஷனுக்கு கையெழுத்து போடும்மா, உனக்கு எதுக்கு இன்னொரு புள்ள"ன்னு பேப்பர நீட்டுறாங்க. வேற என்னல்லாம் இருக்குன்னு ஒருத்தர் கூட சொல்லல. எங்கம்மாதான் "அவ முடிவு பண்ணட்டும், இப்ப விடுங்க"ன்னு பேப்பர திருப்பிக் கொடுத்தாங்க. இப்ப இதுக்கு சட்டமே இருக்கு, 2017ல போட்ட எச்ஐவி எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு, கர்ப்பமா இருக்குற பாசிட்டிவ் பொண்ணுக்கு விவரம் சொல்லி சம்மதம் வாங்காம குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனோ கருக்கலைப்போ செய்யக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. ஆபரேஷன் தப்புன்னு சொல்லல, எங்க ஏஆர்டி சென்டருக்கு வர்ற அக்கா ஒருத்தங்க மூணு புள்ளைக்கு அப்புறம் அவங்களா கேட்டு பண்ணிக்கிட்டாங்க, நிம்மதியா இருக்காங்க. ஆனா அது நாம கேட்டு நடக்கணும்.

அதுக்கப்புறம் மூணு வருஷம் வெறும் காண்டம்தான். சென்டர்ல கவுன்சிலர் மேடம் பாக்கெட் பாக்கெட்டா கொடுப்பாங்க, குடும்பக்கட்டுப்பாடுக்கும் அதுவே போதும்னு நினைச்சுட்டோம். எல்லா தடவையும் சரியா போட்டா நல்லாத்தான் வேலை செய்யும், ஆனா வீட்டுல எல்லா தடவையும் எல்லாம் சரியா நடக்குமா? 2015ல ஒரு நாள் கிழிஞ்சுடுச்சு. தேங்காண்ணெய் பட்டிருந்துச்சு, எண்ணெய் பட்டா ரப்பர் இளகிடும்னு அப்ப தெரியாது (வாசலின், பாடி லோஷன் எதுவும் கூடாது, தண்ணி பேஸ் ஜெல் மட்டும்தான்). மறுநாள் காலைல மெடிக்கல்ஸ்ல 72 மணி நேர மாத்திரை வாங்கிப் போட்டேன். அடுத்த மாசம் நாள் தள்ளிப்போச்சு.

அப்ப நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தது எஃபாவிரென்ஸ் இருக்குற பழைய மாத்திரை. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராத்திரி படுக்கறப்ப போடுவோமே, தலை கிறுகிறுன்னு வந்து ஒரே கனவா வருமே, அதுதான். அந்த எஃபாவிரென்ஸ், 72 மணி நேர மாத்திரைல இருக்குற லிவோநார்ஜெஸ்ட்ரெல்ங்குற ஹார்மோன கல்லீரல் சீக்கிரமா கரைச்சு வெளியேத்துற மாதிரி பண்ணிடும், ரத்தத்துல அதோட அளவு பாதிக்கும் கீழ போயிடும். எனக்கு கரு தங்குனது அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா மெடிக்கல்ஸ்காரருக்கும் தெரியல எனக்கும் தெரியல, அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். 5 நாளைக்குள்ள காப்பர் டி வச்சா அதுவே அவசர கருத்தடைதான், அது எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாது. எங்க பொண்ணு 2016ல பொறந்தா. 18 மாசத்துல கடைசி டெஸ்ட், நெகட்டிவ். அவள வேணாம்னு ஒரு நாளும் நினைச்சதில்ல, ஆனா அந்த ஒம்பது மாசமும் நான் தூங்குன தூக்கம் தூக்கமே இல்ல.

அவளுக்கு ரெண்டு வயசு ஆனப்புறம் மூணு மாச ஊசி போட்டுப் பாத்தேன். டிஎம்பிஏன்னு சொல்வாங்க, 150 மில்லிகிராம், அரசு ஆஸ்பத்திரில 2017ல இருந்து அந்தராங்குற பேர்ல இலவசமா வந்துச்சு, நான் வெளிய ஒரு கிளினிக்ல போட்டேன். நம்ம மாத்திரையோட இது பிரச்சனையே இல்ல, எஃபாவிரென்ஸ் சாப்பிட்டாலும் இதோட வேலை குறையாது, வீட்டுல யாருக்கும் தெரியாம போட்டுக்கலாம்ங்குறதும் சில பேருக்குப் பெரிய விஷயம். எனக்கு ஒத்துக்கல. மொத ஊசிக்கு அப்புறம் ஒரு மாசத்துக்கும் மேல விட்டு விட்டு லேசா பட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் பீரியட்ஸே நின்னுபோச்சு, நாலு ஊசில அஞ்சு கிலோ ஏறுனேன். நிறுத்துனப்புறம் பழையபடி கரு தங்குறதுக்கு பல மாசம் ஆகும், அதனால சீக்கிரம் அடுத்த புள்ள வேணும்னு இருக்குறவங்க யோசிச்சுப் போடுங்க. எலும்பு பலமும் கொஞ்சம் குறையும், நம்ம மாத்திரைல இருக்குற டெனோஃபோவிரும் அதே வேலைய செய்யும், அதனால ரொம்ப வருஷம் போடுறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சரி, காப்பர் டிக்கு வர்றேன்.

2019 ஜூன்ல அரசு ஆஸ்பத்திரில வச்சேன், ஒரு ரூபா செலவில்ல. கூட்டிட்டுப் போனது எங்க சென்டர் கவுன்சிலர் மேடம், அவங்களே குடும்பநல பிரிவு டாக்டரம்மாகிட்ட "இவங்க மாத்திரை ஒழுங்கா எடுக்குறாங்க, நல்லா இருக்காங்க"ன்னு மெதுவா சொல்லிட்டாங்க, நான் அத்தன பேர் முன்னாடி வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. டாக்டரம்மா கேட்டது நாலே கேள்வி. என்ன மாத்திரை, எவ்ளோ நாளா, வெள்ளைப்படுறது நாத்தத்தோட இருக்கா, பீரியட்ஸ் எப்ப வந்துச்சு. உடம்பு ரொம்ப மோசமா, டிபி மாதிரி பெரிய நோயெல்லாம் வந்து இருக்குற நேரத்துல புதுசா வைக்க மாட்டாங்க, மாத்திரை எடுத்து தேறுனப்புறம்தான் வைப்பாங்க, ஆனா ஏற்கனவே வச்சிருந்தா அதுக்காக எடுக்க வேண்டியதில்லன்னும் அவங்கதான் சொன்னாங்க. மத்தபடி நல்லா இருக்குற பாசிட்டிவ் பொண்ணுக்கும் மத்த பொண்ணுங்களுக்கும் இதுல வித்தியாசமே இல்ல. காப்பர் டில ஹார்மோனே கிடையாது, செம்பு மட்டும்தான், கர்ப்பப்பைக்குள்ள அது விந்தணுவ வேலை செய்ய விடாது, அதனால எஃபாவிரென்ஸா இருந்தாலும் இப்ப கொடுக்குற புது மருந்தான டொலுடெக்ராவிரா இருந்தாலும் ரெண்டாவது லைன் மாத்திரையா (மொத மாத்திரை கேக்காதப்ப மாத்திக் கொடுக்குறது) இருந்தாலும் அதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரருக்கு இதனால கிருமி பரவுறது அதிகமாகாதுன்னும் சொன்னாங்க, எனக்கு மனசுல உறுத்திட்டு இருந்த கேள்வியே அதுதான்.

வைக்கிறப்ப வலிக்குமா? வலிக்கும். பத்து நிமிஷந்தான், ஆனா உள்ள அளவு பாக்க ஒரு கம்பி விடுறாங்க பாருங்க, அந்த நேரம் அடிவயித்துல சுருக்குன்னு இழுத்துச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அரை மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுட்டுப் போங்க, கூட யாராவது வரட்டும், அன்னைக்கு பஸ்ல நின்னுக்கிட்டு வர முடியாது. இன்ஃபெக்‌ஷன் வர்றதுன்னா பெரும்பாலும் மொத மூணு வாரத்துக்குள்ளதான், அந்த நேரத்துல காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைப்படுறது, கடும் வயித்து வலி எது வந்தாலும் ஓடிடுங்க. எனக்கு எதுவும் வரல. ஒரு பீரியட்ஸ் முடிஞ்சு போய் காப்பர் டியோட நூல் சரியா இருக்கான்னு காட்டிட்டு வந்தேன்.

குறைன்னா ரத்தப்போக்குதான். முன்னாடி நாலு நாள் வந்தது ஏழு நாள் வந்துச்சு, மொத மூணு மாசம் ராத்திரிக்கு ரெண்டு நாப்கின் மாத்த வேண்டி வந்துச்சு, ஹீமோகுளோபின் 9.4க்கு இறங்கிடுச்சு. ஆறு மாசத்துல குறைஞ்சுது, ஆனா பழைய நாலு நாளுக்கு திரும்பவே இல்ல, இப்பவும் அஞ்சு ஆறு நாள்தான். ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்குறவங்க மொதல்ல அத ஏத்திட்டு வைங்க. இங்க இன்னொன்னு சொல்லணும், ரொம்ப பேர் தவற விடுற விஷயம். 2021ல எனக்கு புது மாத்திரைக்கு மாத்துனாங்க, டிஎல்டி, டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50. இந்த டொலுடெக்ராவிர வெறும் வயித்துல இரும்புச்சத்து மாத்திரையோடயோ கால்சியம் மாத்திரையோடயோ சேத்துப் போட்டா உடம்புல சரியா ஏறாது. சாப்பாட்டோட ஒண்ணா போடலாம், இல்லன்னா டொலுடெக்ராவிர ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் கழிச்சோ போடணும். காப்பர் டி வச்சு ரத்தம் குறைஞ்சு இரும்பு மாத்திரை சாப்பிடுற ஒவ்வொருத்தருக்கும் இது தெரியணும், ஏன்னா வைரல் லோடு (ரத்தத்துல இருக்குற கிருமியோட அளவு) ஏறுனா நமக்குத்தான் நஷ்டம்.

டிஎல்டி வந்தப்புறம் ஹார்மோன் வழிகளும் நல்லா திறந்துடுச்சு, அதையும் சொல்லிடுறேன். டொலுடெக்ராவிர் கருத்தடை மாத்திரையோட வேலைய குறைக்காது, கையில தோலுக்கு அடியில தீக்குச்சி மாதிரி வைக்கிற இம்ப்ளான்ட்டுக்கும் பிரச்சனையில்ல. எஃபாவிரென்ஸ் சாப்பிடுறவங்களுக்குதான் இம்ப்ளான்ட் வச்சும் கர்ப்பம் ஆன கதையெல்லாம் உண்டு. டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுற நாட்கள்லயும் கருத்தடை மாத்திரை, இம்ப்ளான்ட் ரெண்டையும் நம்பாதீங்க, காப்பர் டியோ மூணு மாச ஊசியோ தாங்கும். டொலுடெக்ராவிர் பத்தி 2018ல போட்ஸ்வானால இருந்து ஒரு பயம் கிளம்புச்சு, குழந்தைக்கு முதுகுத்தண்டுல குறை வரும்னு, அதனால நிறைய இடத்துல பொண்ணுங்களுக்கு அந்த மாத்திரைய கொடுக்கவே தயங்குனாங்க. அப்புறம் இன்னும் நிறைய பிரசவங்கள சேத்துப் பாத்ததுல அந்த பயம் சரியில்லன்னு ஆயிடுச்சு, இப்ப கர்ப்பிணிகளுக்கும் அதையேதான் கொடுக்குறாங்க. அதனால "இந்த மாத்திரை சாப்பிடணும்னா கருத்தடை கட்டாயம்"னு யாராவது சொன்னா அது பழைய பேச்சு.

விந்தணுவ கொல்லுற மருந்து தடவுன காண்டம், ஜெல் எதுவும் நமக்கு வேணாம், அது உள்பக்கத் தோல புண்ணாக்கும். சாதா காண்டமே போதும். ஆமா, காப்பர் டி வச்சிருந்தும் நாங்க காண்டம் விடல. வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுல நின்னுட்டா உடலுறவு மூலமா பரவாதுன்னு எங்களுக்குத் தெரியும், மத்த பால்வினை நோய்ங்கள தடுக்க காப்பர் டியால முடியாதுங்குறதும் தெரியும். ஆனா ஒண்ணு மாறிடுச்சு. முன்னாடி காண்டம் கிழிஞ்சா அந்த மாசம் முழுக்க காலண்டரப் பாத்துட்டே கிடப்பேன், இப்ப அது இல்ல.

மார்க் போடணும்னா 10க்கு 8. ரத்தப்போக்குக்கு ஒண்ணு, வைக்கிறப்ப வந்த வலிக்கு ஒண்ணு குறைச்சேன். அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு 10க்கு 10. கிளம்புறப்ப "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, அப்புறம் புள்ள வேணும்னாலும் பெத்துக்கலாம்"னாங்க, அது மாதிரி எனக்கு ஆஸ்பத்திரில யாரும் பேசுனதில்ல.

உங்க ஊர்ல யாரைக் கேக்குறதுன்னு தெரியலன்னா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடுங்க, இலவசம், பேர் சொல்ல வேண்டியதில்ல. எங்க போனாலும் ஏஆர்டி சென்டர்ல கொடுத்த பச்சை புக்கோ மாத்திரை டப்பாவோ கையில இருக்கட்டும், நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு பாக்காம எதையும் எழுதிக் கொடுத்தா "மொதல்ல இத பாருங்க மேடம்"னு எடுத்து வைங்க. 380ஏ 10 வருஷம் வரும், என் அட்டைல 2029 ஜூன்னு எழுதிருக்கு, அப்ப எனக்கு 42 ஆயிருக்கும். இன்னொன்னு வைக்கிறதா வேணாமான்னு அப்ப பாத்துக்கலாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.