மழலையர் பள்ளி நிர்வாகக் களப்பயிற்சி: ஒரு பருவம் முடித்தபின் என் மதிப்பீடு

கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரி மாலை வகுப்போடு சேர்த்து நடத்தும் மழலையர் பள்ளி நிர்வாகக் களப்பயிற்சியைச் சென்ற பருவத்தில் முடித்தேன். பே ஏரியாவில் பிரீஸ்கூல் ஆசிரியைகளாக வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் சிலர், இதில் சேரலாமா, சேர்ந்தால் சைட் சூப்பர்வைசர் பெர்மிட் (ஒரு மழலையர் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்த மாநிலம் தரும் அனுமதி) கிடைத்துவிடுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உடன் வேலை செய்பவர்களை வழிநடத்துவதையும் உரிம விதிகளை அன்றாடம் கையாள்வதையும் இந்தப் பயிற்சி எனக்கு ஆழமாகக் கற்றுத்தந்தது. பள்ளியின் பணக் கணக்கைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கற்றுத்தரவில்லை.

முதலில் பெர்மிட் பற்றி. முன்பருவக் கல்வியில் 24 யூனிட் (கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு), நிர்வாகப் பாடங்களில் 6 யூனிட், பெரியவர்களை மேற்பார்வையிடும் பாடத்தில் 2 யூனிட் என்று படிப்பை முடித்தாலும், நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணி நேரம் வீதம் 350 நாள் பணியனுபவம் இருக்க வேண்டும். அதில் 100 நாளாவது பெரியவர்களை மேற்பார்வையிட்ட நாள்களாக இருக்க வேண்டும். எட்டு ஆண்டு வகுப்பறையில் இருந்த எனக்கு 350 நாள் என்றோ முடிந்துவிட்டது. அந்த 100 நாள்தான் இல்லை. களப்பயிற்சி மொத்தம் 96 மணி நேரம். எல்லாவற்றையும் 3 மணி நேர நாள்களாக அமைத்துக்கொண்டாலும் 32 நாள்தான் தேறும். எனக்கு அதுவும் தேறவில்லை. முதல் இரண்டு வாரம் நாளுக்கு 2 மணி நேரமாகப் பிரித்துப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஆறு நாளும் பெர்மிட் கணக்கில் சேராது என்பதை மூன்றாம் வாரம், பயிற்சிப் பள்ளியில் என் வழிகாட்டியாக இருந்த டைரக்டர் சொல்லித்தான் அறிந்தேன். கல்லூரி தந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது மாணவர்களின் நாள்களை வீணாக்குவதாகும்.

பயிற்சியின் உயிர் வழிகாட்டியிடம் இருக்கிறது. கல்லூரி என்னை அனுப்பிய பள்ளியின் டைரக்டர் முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவர். முதல் வாரம் தம் அருகில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினார்; இரண்டாம் வாரத்திலிருந்து காலை நேரப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணில் படும் தூரத்தில் நின்றுகொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பு ஆசிரியைகளில் ஒருவர் காய்ச்சல் என்று அழைத்தார். அன்று அந்த அறைக்கு 17 பிள்ளைகள் வர வேண்டும். ஓர் ஆசிரியர் தனியாக 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ள உரிம விதி. பக்கத்து அறையிலிருந்து ஓர் உதவியாளரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, நிலைமையைச் சமாளித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் திரும்பினேன். வழிகாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவர் எத்தனை யூனிட் படித்திருக்கிறார்?" எனக்குத் தெரியவில்லை. பணியாளர் கோப்பை எடுத்துப் பார்த்தால் 3 யூனிட். ஆசிரியரோடு சாதாரண உதவியாளர் இருந்தால் 15 பிள்ளைகள் வரைதான். உதவியாளர் 6 யூனிட் முடித்திருந்தால் மட்டுமே 18 வரை போகலாம். அதற்குள் 14 பிள்ளைகள் வந்துவிட்டார்கள்; வாசலில் இன்னும் இரண்டு கார்கள் நின்றன. கைக்குழந்தைகள் அறையில் கூடுதலாக இருந்த, 6 யூனிட் முடித்த உதவியாளரை வரவழைத்து ஆளை மாற்றும் வரை எனக்கு மூச்சு சீராகவில்லை. அன்று மாலையே எல்லாப் பணியாளர்களின் யூனிட் விவரத்தையும் ஒரே தாளில் எழுதி அலுவலகக் கதவின் உட்புறம் ஒட்டினேன். இந்த விதியை நான் பாடத்தில் படித்துத் தேர்வில் சரியாக எழுதியவள்தான். அந்தக் காலை நேரத்துக்குப் பிறகுதான் அது எனக்குச் சொந்தமானது.

பெரியவர்களை மேற்பார்வையிடுவது இதைவிடக் கடினமாக இருந்தது. வயதில் மூத்தவரின் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்வது நாம் வளர்ந்த வளர்ப்புக்கே ஒவ்வாத ஒன்று. எனக்கு ஒதுக்கப்பட்ட ஆசிரியையோ என் அம்மாவின் வயதை ஒத்தவர். "என்ன நினைத்தீர்கள் என்பதை எழுதாதீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்" என்று வழிகாட்டி சொல்லி அனுப்பினார். சிற்றுண்டி நேரத்தில் உட்கார்ந்து நான் எழுதிய குறிப்பு இது: "மூன்று நிமிடத்தில் எட்டுக் கோப்பைகளிலும் ஆசிரியையே பால் ஊற்றினார். எந்தப் பிள்ளையும் ஜக்கைத் தொடவில்லை." பிள்ளைகள் தாங்களே ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் நடைமுறை. குறிப்பை அவர் முன் வைத்து, அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். "பால் சிந்தினால் துடைக்க எனக்கு இன்னொரு கை இல்லையே" என்றார். அவருக்குக் கொள்கையில் எந்த மறுப்பும் இல்லை. உதவிக்கு ஆள்தான் இல்லை. பெரிய ஜக்குக்குப் பதில் பிள்ளைகளின் கைக்கு அடங்கும் சிறிய ஜக் இரண்டும், அவர்கள் எட்டும் உயரத்தில் துடைக்கும் துணிகளும் வைத்தோம். மறுவாரம் அதே மேசையில் ஒரு பெண் குழந்தை இரண்டு கைகளாலும் ஜக்கைப் பிடித்துக்கொண்டு, நாக்கை மடித்துக் கடித்தபடி, பக்கத்தில் இருந்தவனுக்கும் சேர்த்து ஊற்றியது. குறிப்பில் நான் என் கருத்தை எழுதியிருந்தால் அந்த அம்மையார் என்னிடம் மனம் திறந்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

காயம் போன்ற அசாதாரண நிகழ்வுகளை அடுத்த வேலை நாளுக்குள் உரிமத் துறைக்குத் தெரிவித்து, 7 நாளுக்குள் எழுத்துமூல அறிக்கை அனுப்பும் முறை, பேரிடர் ஒத்திகைப் பதிவுகள், பெற்றோரின் கையெழுத்துப் பதிவேடு ஆகியவற்றையும் கையாள விட்டார்கள். இவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

குறை பணக் கணக்கில் இருக்கிறது. மாலை வகுப்பில் நிர்வாகத்தின் தரத்தை 1 முதல் 7 வரை மதிப்பிடும் 'புரோகிராம் அட்மினிஸ்ட்ரேஷன் ஸ்கேல்' என்ற அளவுகோலைக் கற்பித்து, பயிற்சிபெறும் பள்ளியை அதைக் கொண்டு மதிப்பிடச் சொன்னார்கள். அதில் வரவுசெலவுத் திட்டமிடல், கணக்கு வைப்பு ஆகியவையும் உண்டு. அவ்விரண்டையும் நான் வெறுமையாகவே விட்டுக் கொடுத்தேன். பள்ளியை நடத்தும் நிறுவனம் கணக்கை வெளியாளுக்குக் காட்டுவதில்லையாம். கல்லூரியும் அதற்காக முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. இன்றைய நிலையில் இது சிறிய குறை அல்ல. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிப் படிப்படியாக, 2025-26க்குள் நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் அரசுப் பள்ளிகளில் இலவச டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஓராண்டு வகுப்பு) வந்துவிட்டது. பிரீஸ்கூல்களில் ஓர் ஆசிரியருக்கு 12 பேர் என்று இருந்த அந்த வயதினர் குறைந்தால், ஓர் ஆளுக்கு 4 பேர் மட்டுமே இருக்கக்கூடிய கைக்குழந்தைகள் அறையின் செலவை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? என் வழிகாட்டி மதிய நேரங்களில் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கவலைப்பட்டதெல்லாம் இதைப் பற்றித்தான். அந்தக் கவலையைத் தூரத்திலிருந்து பார்த்தேனே தவிர, அதில் பங்கெடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கல்லூரி மேற்பார்வையாளர் மூன்று முறை நேரில் வருவதாக இருந்தது. ஒரு முறைதான் வந்தார். வந்த அன்றும் மணி நேரப் பதிவுத் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுப் போனாரே ஒழிய, நான் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று கேட்கவில்லை.

கட்டணம் யாருக்கும் எட்டும் அளவில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்; 3 யூனிட்டுக்கு 138 டாலர். அந்தத் தொகைக்கு இந்த வழிகாட்டியின் காலை நேரங்கள் கிடைத்தது எனக்குப் பெரும் பேறு. ஆனால் அதே வகுப்பில் வேறு பள்ளிக்குப் போன தோழி ஒருவர் பருவம் முழுவதும் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருக்கும் என்னைப் போலவே 96 மணி நேரம் பதிவானது.

ஆகவே சேர விரும்புகிறவர்கள் சேருங்கள்; சேருமுன் மூன்று விஷயங்களை வழிகாட்டியிடமும் கல்லூரியிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நாள் ஒவ்வொன்றும் 3 மணி நேரத்துக்குக் குறையாது என்பது ஒன்று. எந்த வாரத்திலிருந்து எந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வரும் என்பது இன்னொன்று. சம்பள விவரங்களை மறைத்தாவது சென்ற ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தைக் காட்டுவார்களா என்பது மூன்றாவது. கல்லூரியின் கருத்துப் படிவத்திலும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குத் தேறியது 28 நாள். மீதமுள்ள 72 நாளுக்காக, நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே இரண்டு உதவியாளர்களை மேற்பார்வையிடும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பொறுப்பேற்ற முதல் நாளே அவர்கள் இருவரின் யூனிட் விவரத்தையும் குறித்து வைத்துக்கொண்டேன்.