உடனே திறப்பதா, பொறுத்துத் திறப்பதா: பொதுமுடக்கத் தளர்வில் உயிரும் பிழைப்பும்

கோவிட் காலத்தில் முடக்கத்தைத் தளர்த்தும் கட்டம் வந்தபோதெல்லாம் இரண்டு வழிகள் எதிரெதிரே நின்றன. அனுமதி கிடைத்த அன்றே எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வருவதை மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஒன்று. தொற்று நன்றாகக் கீழிறங்கும்வரை இன்னும் சில வாரங்கள் பொறுத்து, பிறகு பகுதி பகுதியாகத் திறப்பது மற்றொன்று. அரசுகள் மட்டுமல்ல, நாலு பேரை வேலைக்கு வைத்திருந்த எவரும் இந்த முடிவை எடுத்தாக வேண்டியிருந்தது. நான் ஒரு சிறிய அச்சகத்தை நடத்துகிறேன். எங்கள் தொழிலுக்கு அனுமதி வந்தபோது இரண்டாவது வழியில்தான் போனேன். இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் அதில்தான் போவேன்.

முதல் வழிக்காரர்களின் வாதம் லேசானதல்ல. 2020இல் உலகப் பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கியது. பிரிட்டனில் சுருக்கம் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 7 கோடிப் பேர் கடும் வறுமைக்குள் தள்ளப்பட்டதாக உலக வங்கி கணக்கிட்டது. தள்ளிப்போன புற்றுநோய்ச் சிகிச்சை, தவறிய குழந்தைத் தடுப்பூசி என்று முடக்கத்தின் பெயரில் எழுதப்படாத மரணங்களும் உண்டு. பட்டினியும் உயிரைக் குடிக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்தவன் நான்.

ஆனால் அந்த வாதம் ஒன்றைச் சரிபார்க்காமலே எடுத்துக்கொள்கிறது. கதவைத் திறந்தால் வாடிக்கையாளர் வந்துவிடுவார் என்பதுதான் அது. பொருளாதார அறிஞர்களான ஆஸ்டன் கூல்ஸ்பியும் சாட் சைவர்சனும் கைபேசித் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். ஒரே வட்டாரத்தில், எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் கட்டுப்பாடும் மறுபக்கம் கட்டுப்பாடு இன்மையும் இருந்த இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைகளுக்கு வருவோர் 60 சதவீதம் குறைந்திருந்தார்கள். அதில் அரசாணையால் விளைந்தது 7 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. மீதிப் பெரும்பகுதி, மக்கள் தாமாகவே வீட்டில் இருந்ததால் வந்தது. டென்மார்க் முடக்கியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்தது. தொடக்க வாரங்களின் வங்கிப் பரிவர்த்தனைகளைப் பார்த்தால் ஸ்வீடனில் செலவழிப்பு ஏறத்தாழ 25 சதவீதம் விழுந்திருந்தது. டென்மார்க்கில் அதைவிடச் சுமார் 4 புள்ளிகள்தான் கூடுதல். பயம் இருக்கும்வரை திறந்த கடையும் பாதி மூடிய கடைதான்.

இதுவும்கூட எனக்கு இரண்டாம்பட்சமான காரணமே. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: திறந்த பிறகு மறுபடி மூட வேண்டிவந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. தளர்வைப் பற்றி நடந்த பேச்சில் திறக்கும் நாளைப் பற்றி ஆயிரம் வார்த்தை செலவானது. மறுமுறை மூடும் நாளைப் பற்றி அநேகமாக எவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வழிகளில் எது மேல் என்பது அங்கேதான் முடிவாகிறது.

இந்த நோய் பலனைத் தாமதமாகவே காட்டும். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய அப்போது சராசரியாக ஐந்து நாள். நிலைமை முற்றி மருத்துவமனைக்குப் போக மேலும் ஒரு வாரம். உயிரிழப்புகள் கணக்கில் ஏறுவது அதற்கும் பிறகு. இன்று திறந்தது தவறென்று தெரிவதற்குள் தொற்று பல கைகள் மாறியிருக்கும். 2020 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் அங்கெலா மெர்கெல் இதை எளிய கணக்காகச் சொன்னார். ஒருவர் சராசரியாக 1.1 பேருக்குப் பரப்பினால் அந்நாட்டு மருத்துவக் கட்டமைப்பு அக்டோபரில் திணறும், 1.2 என்றால் ஜூலையில், 1.3 என்றால் ஜூன் மாதமே. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஓர் எண், நான்கு மாதங்களை விழுங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கை நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஓர் ஊரில் நாளொன்றுக்கு 1,000 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். முடக்கத்தில் ஒருவர் 0.7 பேருக்குப் பரப்புகிறார். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவும் ஒரு சுற்றுக்கு ஐந்து நாள். இன்னும் 30 நாள் பொறுத்தால் 1,000 என்பது 118 ஆக இறங்கும். பிறகு திறக்கிறோம், பரவல் 1.3 ஆக ஏறுகிறது. அந்த 118 மீண்டும் 1,000ஐத் தொட ஏறத்தாழ 41 நாள் ஆகும். பொறுக்காமல் 1,000இலேயே திறந்திருந்தால் அதே 41 நாளில் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியிருக்கும்.

இது பாதிக் கணக்குதான். ஒரு நோயாளிக்குத் தொடர்பில் இருந்தவர்கள் பத்துப் பேர் என்றால், 118 பேர் உள்ள நாளில் ஏறத்தாழ 1,200 பேரைத் தேடினால் போதும். பொறுப்பான ஒரு சுகாதாரத் துறையால் அது முடியும். 1,000 பேர் உள்ள நாளில் 10,000 பேரைத் தேட வேண்டும். அன்றே தேட வேண்டும். மறுநாள் இன்னொரு 10,000. தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்தும் தடமறிதல் அங்கே முறிந்துவிடும். கீழே இறங்கித் திறந்தவருக்குப் பரவலை 1.3இலிருந்து 1க்குக் கீழே கொண்டுவர ஒரு கருவி கையில் இருக்கும். மேலே நின்று திறந்தவரிடம் மறுபடி கதவைப் பூட்டுவதைத் தவிர வேறெதுவும் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் தளர்வுக்கு முன் பரிசோதனையில் தொற்று உறுதியாகும் விகிதம் இரண்டு வாரங்களாவது 5 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று சொன்னதன் உட்பொருளும் இதுதான்.

மறுபடி பூட்டுவது முதல் பூட்டைப் போன்றதல்ல. தொழில் நடத்தியவர்களுக்கு இது தெரியும். முதல்முறை மூடியபோது எல்லோரும் பொறுத்தார்கள். காகித வியாபாரி பாக்கிக்கு அவகாசம் தந்தார், இடத்துக்காரர் வாடகையைத் தள்ளிப்போட்டார், வங்கி தவணையை ஒத்திவைத்தது. அந்தப் பொறுமை ஒருமுறைக்குத்தான் கிடைக்கும். திறந்தவுடன் நாம் புதிய வேலைக்கு முன்பணம் வாங்குகிறோம், கடனில் காகிதம் எடுக்கிறோம், ஊருக்குப் போன ஆட்களை வரச் சொல்கிறோம். மூன்றாவது வாரம் மறுபடி மூடினால் அச்சடித்த பாரங்கள், அதாவது பல பக்கங்கள் அச்சான பெரிய தாள்கள், மடிக்கப்படாமல் கிடக்கும். வாடிக்கையாளர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். வந்த ஆட்கள் இன்னொருமுறை நம்பி வரமாட்டார்கள். தொடர்ந்து மூடியிருந்தால் வருமானம் மட்டும் போகும். திறந்து மூடினால் வாக்கும் போகும்.

நாடுகளுக்கும் இதே கதைதான். 2020 மே மாதம் இஸ்ரேல் வெகுவேகமாகத் தளர்த்தியது. பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. செப்டம்பர் 18 அன்று நாடு முழுவதும் மீண்டும் முடக்கத்துக்குள் போனது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இரண்டாவது முடக்கம் ஜூலையில் தொடங்கி 112 நாள் நீடித்தது. முதல் முடக்கத்தைவிட அதிகம். நூறாண்டுக்கு முன்பும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1918இன் இன்ஃபுளுயன்சாவில் முன்கூட்டியே மூடிப் பாராட்டுப் பெற்ற செயின்ட் லூயிஸ் நகரில்கூட, நவம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் மரணங்கள் மீண்டும் ஏறின.

எங்கள் அச்சகத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். அனுமதி வந்தபின் சில வாரங்கள் திறக்கவில்லை. திறந்தபோது ஆட்களை இரண்டு அணிகளாகப் பிரித்தோம். காலை அணி கிளம்பிய பிறகு ஜன்னல்கள் ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும். அதன் பிறகுதான் மாலை அணி உள்ளே வரும். எனக்குப் பெரிய கவலை எந்திரம் அல்ல, பைண்டிங் மேசை. பாரங்களை மடித்து, அடுக்கி, தைத்து, ஒட்டும் வேலையில் ஆறு பேர் தோளோடு தோள் நிற்பார்கள். மேசையை இரண்டாக்கி, ஒன்றை வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒரு நாளில் முடிவது ஒன்றரை நாள் இழுத்தது. பிறகு காலை அணியில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அந்த அணி முழுவதும் வீட்டில் இருந்தது. மாலை அணி எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்ட வேலைகள் தாமதமானாலும் ஒன்றுகூடக் கைவிட்டுப் போகவில்லை. எல்லோரையும் ஒன்றாக அழைத்திருந்தால் அன்றைக்கே முழு அச்சகமும் நின்றிருக்கும்.

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஊரி அலோன் குழு இதைவிட நேர்த்தியான ஒரு முறையை 2020லேயே முன்வைத்தது: நான்கு நாள் வேலை, பத்து நாள் வீடு. தொற்றியவர் பிறருக்குப் பரப்பத் தொடங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். வேலை நாளில் தொற்றிக்கொண்டவர் பரப்பும் நிலைக்கு வரும்போது வீட்டில் இருப்பார். அதை நான் செய்து பார்க்கவில்லை. ஆனால் திறப்பு, மூடல் என்ற இரண்டுக்கும் நடுவில் எத்தனை படிகள் உண்டு என்பதை அது காட்டுகிறது.

பொறுக்கும் வழிக்கும் ஓர் எல்லை வேண்டும். எந்த எண்ணுக்கு இறங்கினால் திறப்போம், எந்த எண்ணுக்கு ஏறினால் மூடுவோம் என்று முன்கூட்டியே சொல்லாத காத்திருப்பு வெறும் தள்ளிப்போடல்தான். ஜெர்மனி 2020 மே மாதம் ஒரு வரம்பு வைத்தது: ஒரு மாவட்டத்தில் ஏழு நாளில் லட்சம் பேருக்கு 50 புதிய தொற்று என்றால், அந்த மாவட்டத்துக்கு மட்டும் கட்டுப்பாடு திரும்பும். இதனால் வியாபாரிக்குத் திட்டமிட முடிந்தது. மற்ற மாவட்டங்கள் தண்டனை அனுபவிக்கவில்லை. இதற்கு நேரெதிர் 2022இன் ஷாங்காய். தடுப்பூசி வந்து ஓராண்டுக்கு மேலான பிறகும், ஒரு தொற்றும் இருக்கக் கூடாது என்ற குறிக்கோளுக்காக, ஏப்ரல், மே இரண்டு மாதமும் நகரத்தைப் பூட்டி வைத்தார்கள். தடுப்பூசி வருவதற்கு முன் பொறுப்பதற்கு இருந்த நியாயம் வந்த பின் வேகமாகக் கரைந்துவிட்டது.

பள்ளிகளைப் பற்றி என் அனுபவம் குறைவு. அச்சகத்துக்குச் சொன்ன தர்க்கத்தை அப்படியே அங்கே பொருத்த எனக்குத் துணிவில்லை. உச்சக் கட்டத்தில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே நின்றார்கள். அச்சுவேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் அடுத்த மாதம் முடித்துவிடலாம். ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தவறியதை அப்படி ஈடுகட்ட முடியுமா என்று தெரியவில்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று முதலில் திறந்தது சிறு பிள்ளைகளின் பள்ளிகளையும் காப்பகங்களையும்தான். மதுக்கூடங்களையும் உணவகங்களையும் அல்ல. அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

பொறுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரு நாடு 2020 மார்ச் 16 அன்றே கடுமையாக முடக்கியது. ஆனால் அங்கே தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் முறைசாரா வேலையில் இருந்தவர்கள். ஏறக்குறைய பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லாததால் அடிக்கடி சந்தைக்குப் போயாக வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் உதவித்தொகையை வாங்க வங்கி வாசலில் வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிகமாக உயிர்களை இழந்த நாடுகளில் ஒன்றானது பெரு. ஜெர்மனியிலோ, ஆட்களை நீக்காமல் வேலை நேரத்தை மட்டும் குறைக்கும் குறுவேலைத் திட்டத்தின்கீழ் இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தையும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தையும் அரசு கொடுத்தது. அங்கே பொறுக்கச் சொன்னபோது பொறுக்க முடிந்தது.

நான் காத்திருந்த வாரங்களில் ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க என்னிடம் கையிருப்பு இருந்தது. அது இல்லாதவரிடம் போய் என் வழியைப் பின்பற்றச் சொல்ல மாட்டேன். அவர் அனுமதி வந்த அன்றே திறக்கட்டும்; ஆட்களை அணிகளாகப் பிரித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, காய்ச்சல் என்று சொன்னவரைச் சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பட்டும். அவரையும் பொறுக்க வைக்க வேண்டுமானால், பொறுக்கும் நாட்களின் கூலியை முதலில் அரசு அவர் கையில் கொடுக்க வேண்டும்.