போன் களவு போனா முதல்ல எது: சிம்ம வெட்டுறதா, அழிக்கிறதா, லொக் பண்றதா?

2024 ஆடி அமாவாசை, மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம், ஞாயித்துக்கிழமை. மச்சான் போன வேட்டி மடியில சொருகிட்டு சனத்துக்குள்ள நிண்டவன், குளத்துப் படியில இறங்கி கால நனைச்சிட்டு ஏறி வந்து மடியத் தடவினா ஒண்டுமில்ல. அடுத்த வருசம் கல்முனை பஸ் ஸ்டாண்டில தங்கச்சிட ஹேண்ட்பேக் சிப்ப திறந்து அவட போனையும் எடுத்துட்டானுகள். ரெண்டு பேரும் கோல் எடுத்தது எனக்குத்தான், குடும்பத்தில "போன் தெரிஞ்சவன்" எண்டு ஒரு பேர் விழுந்துட்டு, என்ன செய்ய. ஆனா கோல் எடுக்க முதலே ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலை பாத்திருந்தாங்க, அதுவும் நேர் எதிரா. மச்சான் சிம்ம வெட்டினான், அதாவது கொம்பனிக்குச் சொல்லி நம்பர நிப்பாட்டினான், தங்கச்சி போன அழிச்சா. ரெண்டுமே முழுப் பிழை இல்ல, ரெண்டுமே முழுச் சரியும் இல்ல.

மச்சான்ட கணக்கு இதுதான். கள்ளனுக்கு போன்ட லொக்க உடைக்கத் தேவல்ல, ஊசியால குத்தி சிம்ம வெளிய எடுத்து வேற போன்ல போட்டா காணும். பேங்க் ஓடிபி, ஈஸி கேஷ், வாட்ஸ்அப், பேஸ்புக் பாஸ்வேர்ட் மாத்துற கோட், எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். பயம் நூத்துக்கு நூறு சரி. அதனால பக்கத்தில நிண்ட ஒருத்தர்ட போன வாங்கி கொம்பனிக்கு எடுத்து அஞ்சு நிமிசத்தில நம்பர நிப்பாட்டிட்டான். அதுக்குப் பிறகுதான் கூத்து. அவன்ட போன் ஓடினது சிம் டேட்டாவில, வைஃபை எண்டது வீட்டில மட்டும். சிம் செத்தா டேட்டாவும் செத்துப் போச்சு, டேட்டா இல்லாட்டி தூரத்தில இருந்து லொக் பண்ணு, அழி எண்டு நாம அனுப்புற கட்டளை போனுக்குப் போய்ச் சேராது, எப்ப நெட் கிடைக்குமோ அப்பதான் வேலை செய்யும். அதுவும் கட்டளை அனுப்பக் கிடைச்சாத்தானே. என்ட போன்ல அவன்ட கூகுள் கணக்கத் திறக்கப் போனா, "உங்கட நம்பருக்கு ஒரு கோட் அனுப்பி இருக்கம்" எண்டு வருது. எந்த நம்பருக்கு? இப்பதான் வெட்டின நம்பருக்கு! ஞாயித்துக்கிழமை, கவுண்டர் பூட்டு, திங்கள் காலம ஐடி கார்டோட போய் அதே நம்பருக்கு புது சிம் எடுத்த பிறகுதான் உள்ளுக்கே போக ஏலுமாயிச்சு. ஒரு ராத்திரி முழுக்க சும்மா கிடந்தம்.

தங்கச்சி வேற மாதிரி. ஸ்டாண்டுக்கு முன்னால இருந்த கொமினிகேஷனுக்குள்ள ஓடி, அந்தக் கடைத் தம்பிட போன்ல ஆண்ட்ராய்ட் டொட் கொம் ஸ்லாஷ் ஃபைண்ட் எண்டு அடிச்சு, தன்ட கணக்கால உள்ளுக்குப் போயிருக்கா. காணாமப் போன போனத் தேடுற கூகுள் தளம் அது, முதல்ல ஃபைண்ட் மை டிவைஸ் எண்டு இருந்ததுதான், 2025ல ஃபைண்ட் ஹப் எண்டு பேர மாத்திட்டாங்க. மேப்பில பச்சைப் புள்ளி சாய்ந்தமருதுப் பக்கம் நகர்ந்துகொண்டு இருந்திருக்கு, அதப் பாத்த பயத்தில நேரா ஃபெக்டரி ரீசெட்ட அமத்திட்டா. வேலை செய்திச்சு, போன் சுத்தமாயிட்டு. ஆனா ஆண்ட்ராய்ட்ல அழிச்ச அந்த நிமிசத்தோட மேப்பும் போயிடும், மறுகா அது எங்க இருக்கெண்டு பாக்க ஏலாது. மெமரி காட் அழியுமெண்டும் நம்ப ஏலாது, அத கூகுளே சொல்லுது. அவட காட்டில புள்ளைட போட்டோவோட சேர்த்து ஐடி கார்ட்ட ரெண்டு பக்கமும் எடுத்த படம், பாஸ் புக் முதல் பக்கம், எல்லாம் இருந்திச்சு, அத கழட்டி எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் பாக்கலாம்.

அதவிடப் பெரிய பிழை, "அழிச்சிட்டன், இனி பயமில்ல" எண்டு நினைச்சு சிம்ம வெட்டாம விட்டது. சிம் ரெண்டு மணித்தியாலம் உயிரோட இருந்திருக்கு. அதுக்குள்ள அவட நம்பரால வேற போன்ல வாட்ஸ்அப் திறந்து, பின்னேரம் பெரியம்மாக்கு மெசேஜ்: "அவசரம், 15,000 போடுங்க, நாளைக்குத் தாறன்." நல்ல வேளை, தங்கச்சி பெரியம்மாவ ஒரு நாளும் "நீங்க" எண்டு கூப்பிட்டதில்ல, மனிசிக்கு அதிலதான் சந்தேகம் வந்திச்சு. வாட்ஸ்அப்பில 6 இலக்க டூ ஸ்டெப் பின் போட்டிருந்தா, எஸ்எம்எஸ் கோட் கிடைச்சாலும் அவனால கணக்குக்குள்ள போக ஏலாது. போடல்ல.

இப்ப மூணாவதுக்கு வாறன், ரெண்டு பேரும் தொடாத பட்டன் அது, லொக். சனம் இத மதிக்கிறதே இல்ல, அழிச்சாத்தான் நிம்மதி எண்டு நினைக்கிறாங்க. ஆனா ஐபோனா இருந்தாலும், ஆண்ட்ராய்ட் 10க்குப் பிறகு வந்த போனா இருந்தாலும், உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் பூட்டி, கலக்கி, குறியீடாத்தான் கிடக்கு, பின் இல்லாம அத வாசிக்கிறது சாதாரண பொக்கெட் கள்ளனுக்கு நடக்கிற காரியமில்ல. அப்ப லொக் பண்ணினா அழிச்சதில முக்கால்வாசி நன்மை வருது, மேப்பும் கையில இருக்கு. 2024 கடைசியில இருந்து ரிமோட் லொக் எண்டு ஒண்டும் வந்திருக்கு, ஆண்ட்ராய்ட் டொட் கொம் ஸ்லாஷ் லொக், பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லாட்டியும் போன் நம்பர அடிச்சு லொக் பண்ணலாம். ஆனா செட்டிங்ஸ்ல முதலே ஓன் பண்ணி இருக்கணும், போன்லயும் நெட் இருக்கணும். கையில இருந்து பறிச்சிட்டு ஓடினா அந்த அசைவ உணர்ந்து தானா பூட்டுற வசதியும் அதோட வந்தது. மடியில இருந்து பதமா உருவினவனுக்கு அது சரிவருமா எண்டு என்னட்ட கேக்காதீங்க.

என்ட கணக்கில அழிக்கிறது மூணே மூணு நேரத்துக்குத்தான். போனுக்கு லொக்கே இல்லாட்டி, பின் அடிக்கிறத கள்ளன் பாத்திருப்பான் எண்டு சந்தேகம் இருந்தா, இல்லாட்டி ஒரு நாள் போயும் போன் வராட்டி. பஸ்ஸில பக்கத்து சீட்ல இருக்கிறவன் பாக்க, கோடு இழுத்து பெட்டர்ன் திறக்கிற ஆக்கள் எல்லாரும் ரெண்டாவதில சேத்தி.

அப்ப ஒழுங்கு என்ன? போன் இன்னும் ஓன்ல இருந்து மணி அடிச்சா முதல்ல லொக், ரெண்டு நிமிச வேலை, உடனே சிம்ம வெட்டுங்க, அடுத்த கோல் பேங்குக்கு. போன் ஓஃப் எண்டு வந்தா யோசிக்கவே தேவல்ல, நேர சிம். சிம் வெட்டியாச்சு எண்டு வாட்ஸ்அப்ப மறக்கவும் வேணாம், வைஃபை கிடைச்சா அது சிம் இல்லாமலும் அந்த போன்ல ஓடும். புது சிம் கிடைச்ச உடன அதே நம்பர வேற போன்ல பதிஞ்சா பழைய போன்ல தானா வெளிய தள்ளும்.

ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு இதில ஒரு சுகம் இருக்கு. கட்டார்ல இருந்து வந்த சித்தப்பாட மகன் சொல்லித்தான் எனக்கும் தெரியும், ஐகிளவுட் டொட் கொம் ஸ்லாஷ் ஃபைண்டுக்குள்ள போக கோட் கேக்காது, பாஸ்வேர்ட் மட்டும் காணும். மச்சான் மாதிரி வெளிய நிண்டு கதவத் தட்டத் தேவல்ல. ஐஓஎஸ் 15க்குப் பிறகு அழிச்சாலும் இடத்தப் பாக்கலாம். 2024 ஜனவரியில 17.3ஓட வந்த ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன ஓன் பண்ணி இருந்தா, பின் தெரிஞ்ச கள்ளனுக்கும் வெளியிடத்தில வச்சு ஆப்பிள் பாஸ்வேர்ட்ட மாத்த முகமும் காட்டி ஒரு மணித்தியாலம் காத்திருக்கவும் வேணும். ஆனா ஐபோனுக்குத்தான் பொய் எஸ்எம்எஸ்ஸும் கூட. சித்தப்பாட மகன்ட போனும் களவு போய் நாலாம் நாள் அவனுக்கு "உங்கட ஐபோன் கிடைச்சிட்டு, இந்த லிங்க்ல லொகின் பண்ணுங்க" எண்டு வந்திச்சு. அமத்தி பாஸ்வேர்ட் அடிச்சிருந்தா கள்ளனுக்கு போன திறந்து கொடுத்த கணக்கு. கணக்கில இருந்து அந்த போன "ரிமூவ்" பண்ணச் சொல்லி யார் கேட்டாலும் செய்ய வேணாம், பூட்டு அதோட கழண்டுடும்.

புள்ளியத் துரத்துறது பத்தி ஒரு வார்த்தை. மேப் காட்டுறது ஒரு வீட்ட இல்ல, ஒரு வட்டத்த. அதுக்குள்ள பத்து வளவு இருக்கும். நாலு பேர ஏத்திக்கொண்டு ஓட்டோவில போய் ஒருத்தன்ட கேட்ட தட்டுறது வம்பு. பொலிசில என்ட்ரி போட்டு ஸ்கிரீன்ஷொட்ட காட்டுங்க. ஐஎம்இஐ எண்ட, போன்ட அடையாள நம்பர் 15 இலக்கத்தையும் கொண்டு போங்க, ஐநீட் டொட் பொலிஸ் டொட் எல்கே தளத்திலயும் முறைப்பாடு பதியலாம். ஐஎம்இஐய நிப்பாட்டினா அந்த போன்ல இஞ்ச உள்ள எந்த சிம்மும் ஓடாது, விக்கிறவனுக்கு நட்டம். உங்கட டேட்டாவுக்கு அதால ஒரு காவலும் இல்ல, வைஃபையில அது ஓடும். படத்த வச்சு மிரட்டினா அது வேற விசயம், இணையப் பாதுகாப்பப் பாக்கிற இலங்கை சேர்ட் 101க்கு எடுங்க.

இந்த "முதல்ல லொக்கா சிம்மா" எண்ட இழுபறியில பாதிய முதலே இல்லாமச் செய்ற வேலை ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் காசில்ல. ஒண்டு சிம் பின். போட்டிருந்தா சிம்ம கழட்டி வேற போன்ல போட்ட உடன பின் கேக்கும், மூணு தரம் பிழைச்சா பூட்டிடும், பிறகு பியூகே எண்ட, பூட்டின சிம்ம திறக்கிற கோட் கேக்கும், அதுவும் பத்துத் தரம் பிழைச்சா சிம்மே செத்துடும். உங்களுக்கு லொக் பண்ண அவகாசம் கிடைக்குது. மற்றது லொக் ஸ்கிரீன்ல மெசேஜ் தெரியாம மறைக்கிறது, இது இல்லாட்டி சிம் பின் போட்டும் பலன் பாதிதான், ஏனெண்டா சிம்ம கழட்டாமலே பூட்டின போன்ட மேலால ஓடிபி ஆறு இலக்கமும் பளிச்செண்டு வந்து நிக்கும். தங்கச்சிட பழைய போன்ல அப்படித்தான் வாறது, அவ அத வசதி எண்டு சொல்லுவா.

நம்பருக்கு கோட் வராட்டியும் உள்ளுக்குப் போக கூகுள் கணக்குக்கு 10 பேக்கப் கோட் தருவாங்க, ஒவ்வொண்டும் 8 இலக்கம், அத போன்லயே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கிறவங்களும் இருக்காங்க! எங்கட வீட்டில எல்லார்ட கோடும், *#06# அடிச்சு எடுத்த ஐஎம்இஐயும் ஒரு தாள்ல எழுதி சாமியறையில பஞ்சாங்கத்துக்குள்ள இருக்கு, அம்மாட பொறுப்பு.

மச்சானுக்கு சிம் பின்ன நானே பக்கத்தில இருந்து போட்டுக் கொடுத்தன். போன கிழமை சார்ஜ் இறங்கி ஓஃப் ஆகி, திரும்பப் போட்டவன் பின்ன மறந்து மூணு தரம் பிழையா அடிச்சிட்டு, தங்கச்சிட போன்ல இருந்து எனக்கு கோல் எடுக்கிறான், பியூகே எங்க இருக்கெண்டு கேட்டு.