இறக்குமதி அரிசியில் பூஞ்சை நஞ்சு: பச்சரிசியா, புழுங்கலா, சிவப்பரிசியா?

பாரிஸ் லா ஷப்பலில் நம்மவர் கடைகளில் மூன்று வகை அரிசி மூட்டைகள் அருகருகே நிற்கின்றன: தீட்டிய பச்சரிசி, புழுங்கலரிசி, தவிடு நீக்காத சிவப்பரிசி. மூன்றும் கப்பலேறி வந்தவை. விலை, மணம், சோற்றின் பதம் பார்த்துத்தான் எடுக்கிறோம். பூஞ்சை நஞ்சை அளவுகோலாக வைத்தால் வரிசை வேறாகிறது.

முதன்மையாகப் பார்க்க வேண்டியது அஃப்ளாடாக்சின். நெல் சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அதை உண்டாக்குகிறது. நாவுக்கும் கண்ணுக்கும் பிடிபடாது. வயிற்று வலிகூட வராமல் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போகும். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகிவிட்ட நஞ்சு இது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

பச்சரிசிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. நஞ்சின் பெரும்பகுதி தவிட்டில்தான் தங்குகிறது; தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. பூஞ்சை பிடித்து மஞ்சளேறிய மணிகளும் வெள்ளை அரிசியில் பளிச்சென்று தெரியும். ஆலையில் நிறம் பார்த்து மணிகளைப் பிரிக்கும் சார்டெக்ஸ் இயந்திரம் பொறுக்குவதும் எளிது, முறத்தில் நாம் பொறுக்குவதும் எளிது.

புழுங்கலரிசியை நான் மிகவும் மதிக்கிறேன். ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் மணிக்குள் இறங்குகிறது. ஆனால் நெல் ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததாக இருந்தால், நஞ்சும் அதே வழியில் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போகாது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிய பிறகு மழை பிடித்துக்கொண்டால், ஈர நெல்லைக் குவித்து மூடிவைப்பார்கள். பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நீராவியில் அவித்து உடனே உலர்த்தியில் காயவைக்கும் ஆலைகளில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆகவே புழுங்கலில் வகையைவிட ஆலைதான் முக்கியம். அரிசியின் நிறம் ஒரே சீராக இருக்கிறதா, மக்கல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். புழுங்கலின் இயல்பான ஊறல் வாடை வேறு, பூசண வாடை வேறு. பழகிய மூக்கு பிரித்தறியும்.

சிவப்பரிசியில் தவிடு அப்படியே இருப்பதால் நஞ்சு இருந்தால் அதுவும் இருக்கும். ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமமும் தவிட்டில்தான் கூடுதல். நார்ச்சத்துக்காக உண்பவர்கள் சிறு பொட்டலமாக வாங்கி விரைவில் தீர்த்துவிடலாம்.

சமையலறையில் எவ்வளவு சரிசெய்ய முடியும்? கழுவினால் மேலே படிந்த தூசியும் பூஞ்சை வித்துகளும் போகும், மணிக்குள் இருப்பது போகாது. அஃப்ளாடாக்சின் முழுதாகச் சிதைய 230 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். கொரிய ஆய்வுகளில் சாதாரணமாக வேகவைத்தபோது சராசரியாக 34 விழுக்காடுதான் குறைந்தது. பிரஷர் குக்கரில் 78 முதல் 88 வரை குறைந்தது. பானையைவிடக் குக்கர் தேவலை, அவ்வளவுதான். கெட்ட அரிசியை அது நல்லதாக்கிவிடாது.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடுகிறது. ஒரு கிலோ அரிசியில் மொத்த அஃப்ளாடாக்சின் அமெரிக்காவில் 20 மைக்ரோகிராம் வரை, இந்தியாவில் 15 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 4 வரைதான். இவற்றுள் என்னை அதிகம் உறுத்துவது இன்னோர் எண். பி1 வகை அஃப்ளாடாக்சினுக்கு ஐரோப்பாவில் சாதாரண அரிசிக்கு வரம்பு 2 மைக்ரோகிராம்; குழந்தை உணவுக்கு 0.1. இருபதில் ஒரு பங்கு! கடையில் விற்கும் குழந்தை உணவுப் பொட்டலம் அந்தக் கடும் வரம்புக்குள் வர வேண்டும். பெரியவர்களுக்கான மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து நாம் வீட்டில் காய்ச்சும் கஞ்சிக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் பிள்ளைக் கஞ்சிக்குத் தீட்டிய பச்சரிசியை எடுங்கள், மஞ்சள் மணிகளைப் பொறுக்குங்கள், குக்கரில் வையுங்கள். வாரம் முழுவதும் அரிசியே ஊட்டாமல் ஓட்ஸ், பருப்பு, கிழங்கு என்று மாற்றிக் கொடுங்கள். பெரியவர்களுக்கு நல்ல ஆலையின் புழுங்கலே என் தேர்வு.

மலிவென்று 20 கிலோ மூட்டை வாங்கி நிலவறையின் குளிர்ந்த தரையில் சாய்த்து வைப்பவர்கள் பலர். தரையின் ஈரம் மூட்டைக்குள் ஏறும். பலகைமேல் வையுங்கள், அல்லது 5 கிலோவாக வாங்குங்கள். பிரித்ததும் மக்கல் வாடை வந்தால் வெயிலில் காயவைத்துப் பார்க்க வேண்டாம். காய்ந்தால் வாடைதான் போகும், நஞ்சு போகாது. ரசீதோடு கடைக்கே திருப்பிக் கொண்டுபோய், எந்த ஆலை, எந்தத் தொகுதி என்று மூட்டையில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கேளுங்கள்.